கவுனைத் திருப்பிப் பாருங்கள்: ஒரு மீட்டர் துணியில் ஆறு மாதக் குழந்தைக்கு உடுப்பும் ஜோடிப் பொருட்களும்

எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான் ஏழு வருடம் தையல் வேலை பார்த்தேன். எங்கள் லைனில் செக்கிங் பார்த்த அக்கா ஒரு உடுப்பைக் கையில் எடுத்ததும் முதலில் அதை உள்பக்கம் திருப்புவார். தையல் ஓரத்தில் விரலை வைத்துக் கழுத்திலிருந்து கீழ்வரை மெதுவாக ஓட்டுவார். எங்காவது விரல் தட்டினால் அந்தப் பீஸ் நம்மிடமே திரும்பி வரும். "பெரியவங்களுக்கு உறுத்துனா வாயத் தொறந்து சொல்லுவாங்க. கொயந்த இன்னாத்த சொல்லும்? அழும். பசிக்கு அழுதுன்னு நீ பாலக் குடுப்ப" என்பார்.

இன்றுவரை நான் அவர் சொன்னபடிதான் தைக்கிறேன். சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டு முன்னறையில் ஒரு மிதி மெஷின், ஜன்னலோரம் துணி வெட்டும் மேஜை. பெரும்பாலும் குழந்தைத் துணிதான். கடையில் தொங்கும் சில கவுன்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. வெளியே சாட்டின் பூ, நெட், சம்கி. உள்ளே கை விட்டால், பிசிறு பிரியாமல் ஓரத்தில் அடிக்கும் ஓவர்லாக் நூல் முள் போல் குத்தும். குழந்தையின் உடம்பில் படுவது அந்த உள்பக்கம்தானே? அதனால் இங்கே நான் சொல்லப் போகும் கவுனில், மேல் பாகத்தின் தையல் ஓரம் எல்லாமே லைனிங்குக்குள் மறைந்துவிடும். மிச்சத் துணியில் ஜட்டி, தலைப்பட்டை, பிப், காலுறை எல்லாம் எடுத்துவிடலாம்.

முதலில் தலையை அளங்கள்

எல்லோரும் மார்புச் சுற்றைத்தான் அளந்துகொண்டு வருகிறார்கள். பிறந்த குழந்தைக்கு மார்பைவிடத் தலை பெரியது. தலைச்சுற்று சுமாராக 35 செ.மீ. இருக்கும், மார்பு அதைவிட ஒன்றிரண்டு செ.மீ. குறைவாக இருக்கும். ஒரு வயதுக்குள் அந்த வித்தியாசம் குறைந்து இரண்டும் சமமாக வரும். ஆறு மாதத்தில் இரண்டுமே ஏறக்குறைய 43 செ.மீ., அதாவது 17 இன்ச். கவுன் மார்பில் சரியாக இருந்தும் தலையில் இறங்காமல் போவதற்குக் காரணம் இதுதான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் தங்கை மகளுக்குத் திருவொற்றியூர் கோயிலில் காது குத்தினார்கள். நான் தைத்த முதல் கவுன் அதுதான். கழுத்தைக் குட்டியாக வெட்டி, பின்னால் ஒரே ஒரு இன்ச் மட்டும் திறப்பு விட்டிருந்தேன். போடும்போது துணி நெற்றியில் மாட்டிக்கொண்டது, மேலேயும் வரவில்லை, கீழேயும் இறங்கவில்லை. உள்ளே பிள்ளை அலறுகிறது. கடைசியில் பூக்கார அம்மா நார் அறுக்கும் பிளேடை வாங்கி, பின்கழுத்தை அறுத்து எடுத்தோம். காது குத்துவதற்கு முன்பே அவள் முகமெல்லாம் சிவந்துவிட்டது. அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதனால் வெட்டுவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். கழுத்துச் சுற்றோடு, திறப்பின் நீளத்தை இரண்டு மடங்காக்கிக் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை தலைச்சுற்றைவிடக் குறைந்தது இரண்டு இன்ச் கூடுதலாக வர வேண்டும். நான் கீழே தரும் அளவில் தைத்து முடித்த கழுத்து பத்தரை இன்ச் சுற்று வரும். பின்திறப்பு நாலேகால் இன்ச், இரண்டு பக்கமும் சேர்த்தால் எட்டரை. மொத்தம் 19. 17 இன்ச் தலை காதில் உரசாமல் உள்ளே போய்விடும்.

துணி

நம் ஊர் வெயிலுக்கும் கடற்கரைப் புழுக்கத்துக்கும் மல்மல் அல்லது மெல்லிய கேம்பிரிக் பருத்தித் துணி போதும். ரேயான் வழவழப்பாக இருந்தாலும் வெட்டும்போதே நழுவும், புதிதாகத் தைப்பவர்களுக்கு வேண்டாம். நைலான் நெட்டை நான் குழந்தைக்குத் தொடுவதே இல்லை. அக்குளிலும் கழுத்து மடிப்பிலும் வேர்க்குரு வர அது ஒன்றே போதும்.

கோடவுன் தெருவில் மொத்தமாகத்தான் வாங்க வேண்டும். ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டருக்கு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுப் பக்கம் இருக்கும் கட்பீஸ் கடைகள்தான் தோது. காட்டன் என்று சொல்லித் தருவதெல்லாம் காட்டன் ஆகாது. ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவி வீட்டில் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருகிக் கறுப்பு உருண்டையானால் பாலியெஸ்டர் கலந்தது.

பன்னா, அதாவது துணியின் அகலம், 44 இன்ச் இருக்கிற துணி ஒரு மீட்டர் வாங்குங்கள். லைனிங்குக்கு வெள்ளை மல்மல் கால் மீட்டர். அதைவிட நல்லது வீட்டில் துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆன பழைய வேட்டி. அந்த மென்மை எந்தப் புதுத்துணியிலும் கிடைக்காது. ஆனால் பீரோவில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்த வேட்டி என்றால் எடுக்காதீர்கள். அதிலிருக்கும் நாப்தலின் சில குழந்தைகளுக்கு, பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு இருந்தால் முக்கியமாக, ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும், மஞ்சள் காமாலை வரை கொண்டுபோய்விடும். குழந்தை இருக்கும் வீட்டு பீரோவிலேயே அது வேண்டாம். காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து வையுங்கள்.

வாங்கி வந்ததும் வெட்ட உட்காராதீர்கள், முதலில் தண்ணீர் காட்டுங்கள். வண்ணாரப்பேட்டை என்ற பெயரே கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் துணி வெளுத்துக் கொடுத்தவர்கள் அங்கே குடியிருந்ததால் வந்தது. நெய்து வந்த துணி தண்ணீரும் வெயிலும் பார்த்த பிறகுதான் கப்பலேறியது. நம் ஒரு மீட்டருக்கும் அதே மரியாதை வேண்டும். ஒரு ராத்திரி ஊறட்டும். கஞ்சி போகும், சுருங்க வேண்டியது சுருங்கும். மறுநாள் அலசும்போது ஒரு வெள்ளைத் துணியை நனைத்து அதன் மேல் அழுத்தித் தேயுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணி குழந்தைக்கு வேண்டாம். உப்புப் போட்டால் சாயம் நின்றுவிடும் என்று சொல்வார்கள், நிற்காது. நானும் ஒரு கடையில் "சாயம் போகவே போகாது" என்று சொன்னதை நம்பிக் குங்குமச் சிவப்பில் துணி வாங்கினேன். பக்கத்து வீட்டுக் குழந்தையின் அக்குள் இரண்டு நாள் சிவந்திருந்தது. புண்ணோ என்று அவள் அம்மா பயந்தே போனாள்.

வெட்டுவது

அளவை நேராகத் துணியில் போடாமல் பேப்பர் கட்டிங் செய்துகொள்ளுங்கள். மேல் பாகத்தை யோக் என்போம். முன்பக்கத்துக்குப் பேப்பரில் ஐந்தரை இன்ச் அகலம், ஆறு இன்ச் உயரத்தில் ஒரு கட்டம். ஒரு பக்கம் நடு மடிப்பு. மேல் கோட்டில் மடிப்பிலிருந்து ஒன்றே முக்கால் இன்ச்சில் கழுத்துப் புள்ளி, நாலு இன்ச்சில் தோள் புள்ளி. தோள் புள்ளியை அரை இன்ச் இறக்கிச் சரிவு கொடுங்கள். முன்கழுத்து இறக்கம் இரண்டேகால் இன்ச். கைக்குழி மேல் கோட்டிலிருந்து நாலேகால் இன்ச் இறங்கிப் பக்கவாட்டுக் கோட்டில் வந்து சேர வேண்டும். தையலுக்கு விடுவது எல்லாம் இந்த அளவிலேயே அடக்கம்: கழுத்துக்கும் கைக்குழிக்கும் கால் இன்ச், மற்ற இடங்களுக்கு அரை இன்ச்.

பின்பக்கமும் அதேதான். இரண்டே மாற்றம். கழுத்து இறக்கம் ஒரு இன்ச் மட்டும். நடுவில் மடிப்புக்குப் பதில் ஒரு இன்ச் கூடுதலாக விட்டு, ஆறரை இன்ச் அகலத்தில் இரண்டு தனித்தனிப் பீஸ். இந்த மூன்று பீஸையும் மேல் துணியில் ஒரு முறை, லைனிங்கில் ஒரு முறை வெட்டுங்கள்.

பாவாடைப் பாகத்துக்குக் கணக்கே வேண்டாம். முழுப் பன்னா 44 இன்ச், உயரம் 12 இன்ச். தைத்து முடித்தால் கவுனின் மொத்த உயரம் தோளிலிருந்து 15 இன்ச், மார்புச் சுற்று 20 இன்ச் நிற்கும். 17 இன்ச் மார்புக்கு மூன்று இன்ச் லூஸ், காற்றுப் போக அது வேண்டும்.

யோக்

ஊசி 11 நம்பர். மல்மல் ரொம்ப மெலிசாக இருந்தால் 9. மழுங்கிய ஊசி மல்மலை இழுத்துக் கோடு போட்டுவிடும், புது ஊசி மாற்றிக்கொள்ளுங்கள். தையல் பொடியாக, இன்ச்சுக்கு 12 வரட்டும். தொடங்கும் இடத்தில் துணி ஊசித் தட்டின் ஓட்டைக்குள் போய் மாட்டினால், அடியில் எழுதாத நோட்டுத் தாளை ஒரு பட்டையாகக் கிழித்து வைத்துச் சேர்த்துத் தையுங்கள், பிறகு கிழித்து எடுத்துவிடலாம். செய்தித்தாள் வைத்தால் மை ஒட்டும்.

மேல் துணியின் முன், பின் தோள்களைச் சேர்த்துத் தையுங்கள். லைனிங்கிலும் அப்படியே. தையல் ஓரத்தை இரண்டு பக்கமும் விரித்து இஸ்திரி போடுங்கள். இப்போது இரண்டையும் நல்ல பக்கம் நல்ல பக்கத்தைப் பார்க்க ஒன்றின் மேல் ஒன்று வைத்து, தோள் தையல்கள் நேருக்கு நேர் வரும்படி குண்டூசி குத்துங்கள். பின் திறப்பின் அடியில் தொடங்கி மேலே ஏறி, கழுத்தைச் சுற்றி, மறுபக்கத் திறப்பில் இறங்குங்கள். அப்புறம் இரண்டு கைக்குழிகள். பக்கவாட்டையும் கீழ் ஓரத்தையும் தொடாதீர்கள்.

அடுத்தது வெட்டுக் கொடுப்பது. இதில் அவசரப்பட்டால் கழுத்து எப்போதும் சுருங்கியே நிற்கும். முதலில் கழுத்தின் தையல் ஓரத்தைப் பாதியாகக் குறைத்து நறுக்குங்கள். பிறகு கத்திரியின் நுனியால் மட்டும், கால் இன்ச்சுக்கு ஒன்றாக, தையலைப் பார்த்துச் சின்னச் சின்ன வெட்டு. தையலுக்கும் வெட்டுக்கும் இடையில் இரண்டு நூல் மட்டும் மிஞ்ச வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்திரியை மூடித் திறந்து, அடியில் இடது கை விரலை வைத்துத் துணி எங்கே இருக்கிறது என்று உணர்ந்தபடி போங்கள். வளைவு அதிகமாக இருக்கும் இடத்தில், முன்கழுத்தின் அடியில், வெட்டு நெருக்கமாக வரட்டும். திறப்பின் மேல் மூலை இரண்டையும் குறுக்காகச் சீவிவிடுங்கள். கைக்குழிக்கும் இதே முறைதான்.

இனித் திருப்புவது. முன்பக்கத்தின் இரண்டு துணிகளுக்கு நடுவே விரலை விட்டுத் தோள் வழியாகப் பின்பக்கப் பீஸைப் பிடித்து இழுங்கள். தோள் ஒரு குழாய் மாதிரி இருக்கும். பின்பக்கம் முழுவதும் அதன் வழியே சுருண்டு வெளியே வரும். மறுபக்கமும் அப்படியே. முதல் முறை செய்யும்போது இது எப்படி வரும் என்று தோன்றும், இழுத்ததும் வந்துவிடும். மூலைகளை மழுங்கிய குச்சியால் தள்ளி, லைனிங் வெளியே எட்டிப் பார்க்காதபடி விரலால் உருட்டி உருட்டி இஸ்திரி போடுங்கள். கழுத்திலும் கையிலும் ஒரு பிசிறும் இருக்காது.

பக்கவாட்டுக்கு லைனிங்கைத் தூக்கி விரித்து, மேல் துணியோடு மேல் துணி, லைனிங்கோடு லைனிங், கைக்குழித் தையல் ஒன்றின் மேல் ஒன்று பொருந்த, ஒரே நேர்கோட்டில் அடித்துவிடுங்கள். மடித்து விட்டால் அந்தத் தையலும் இரண்டு துணிக்கு நடுவே போய்விடும்.

சுருக்கு

44 இன்ச் துண்டின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பாவாடையை வட்டமாக்க வேண்டும். இங்கே இரட்டைத் தையல். முதலில் கெட்ட பக்கம் கெட்ட பக்கத்தோடு சேர வைத்துக் கால் இன்ச்சில் ஒரு தையல். ஓரத்தைப் பாதியாக நறுக்கித் திருப்பி, நல்ல பக்கங்கள் உள்ளே வர மடித்து மறுபடி கால் இன்ச்சில் ஒரு தையல். பிசிறு உள்ளே சிறைப்பட்டுவிடும். கீழ் ஓரத்தை ஒன்றரை இன்ச் மடித்துக் கை ஊசியால் ஹெம்மிங் செய்யுங்கள். மெஷினில் அடித்தால் சீக்கிரம் முடியும், ஆனால் பிறகு பிரிக்கும்போது துணியில் ஓட்டை தெரியும்.

மேல் ஓரத்தில் பெரிய தையலாக இரண்டு வரி ஓட்டுங்கள், இரண்டும் அரை இன்ச்சுக்குள் இருக்கட்டும். அடியில் வரும் பாபின் நூல் இரண்டையும் சேர்த்துப் பிடித்து இழுத்தால் சுருக்கு வரும். எல்லோரும் சுற்றிலும் சமமாகப் பிரிப்பார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. ஆறு மாதக் குழந்தை நாளில் பாதி நேரம் மல்லாந்துதான் படுத்திருக்கும். முதுகுக்கு அடியில் சுருக்குக் கட்டி நின்றால் கயிற்றின் மேல் படுத்த மாதிரி இருக்கும். அதனால் முன்பக்கம் 24 இன்ச் துணியும், பின்பக்கம் 19 இன்ச்சும் வருமாறு பிரித்துவிடுவேன். பின்பக்க 19-லும் நடுவில் குறைத்து, ஓரங்களுக்குத் தள்ளிவிடுவேன். பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

யோக்கின் பின்பக்கங்களை ஒன்றின் மேல் ஒன்று ஒரு இன்ச் ஏற்றிக் கை ஊசியால் பிடித்து வைத்துவிட்டு, லைனிங்கை ஒதுக்கி, பாவாடையை மேல் துணியோடு மட்டும் சேர்த்துத் தையுங்கள். ஏற்றிய அந்த ஒரு இன்ச்சில் மேலே இருக்கும் பீஸின் லைனிங்கும் சேர்ந்து போவதைத் தவிர்க்க முடியாது. அந்த இடத்தில் லைனிங் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டுக் கொடுத்தால் மிச்சம் தாராளமாக மடியும். தையல் ஓரத்தை மேல்நோக்கித் தள்ளி, லைனிங்கின் கீழ் ஓரத்தை அரை இன்ச் மடித்து, அதை மூடியபடி ஹெம்மிங் செய்யுங்கள். வயிற்றைச் சுற்றிச் சுரசுரவென்று உரசும் தையல் இதுதான். இதை மூடுவதற்காகத்தான் யோக்குக்கு லைனிங் கொடுத்தோம்.

திறப்புக்குத் தட்டையான டிச் பட்டன் மூன்று. ஒவ்வொரு ஓட்டையிலும் நாலு முறை நூல் ஓட்டி முடிச்சுப் போட்டு, பலம் கொண்டு இழுத்துப் பாருங்கள். உங்கள் கைக்கு வந்தால் குழந்தையின் வாய்க்கும் வரும். இன்னும் உட்காராத குழந்தைக்கு இதே கட்டிங்கைத் திருப்பி, திறப்பை முன்னால் வைத்துவிடுங்கள். பட்டன் முதுகில் குத்தாது, போடுவதும் எளிது. அப்போது முன்பக்கம் வரும் கழுத்தை இரண்டேகால் இன்ச் இறக்கி வெட்ட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். கழுத்து இறங்குவதால் திறப்பு மூன்று இன்ச்சாகக் குறையும், அதனால் தலைக் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள்.

ஜோடிப் பொருட்கள்

ஜட்டியைப் பற்றி ஒன்றுதான் சொல்ல வேண்டும். வீட்டில் பொருந்துகிற ஒரு ஜட்டியை விரித்து வரைந்து, சுற்றிலும் ஒரு இன்ச் விட்டு வெட்டி, பக்கங்களில் அதே இரட்டைத் தையல் போடுங்கள். எலாஸ்டிக்கை வயிற்றில் வைத்து அளந்து, இழுக்காமல் அப்படியே வெட்டுங்கள். சாயங்காலம் கழற்றும்போது தொடையிலோ இடுப்பிலோ சிவப்புத் தடம் இருந்தால் எலாஸ்டிக்கை மாற்ற வேண்டும்.

தலைப்பட்டைக்கு எலாஸ்டிக்கே வேண்டாம். பழைய பனியன் துணியில், இழுபடும் பக்கம் நீளவாட்டில் வர, மூன்று இன்ச் அகலம், 17 இன்ச் நீளம் வெட்டி, நீளவாட்டில் மடித்து அடித்துத் திருப்பி, இரண்டு முனையையும் அரை அரை இன்ச் பிடித்துச் சேருங்கள். முடிந்த சுற்று 16 இன்ச், தலையைவிட ஒரு இன்ச்தான் குறைவு. உள்ளே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். அதன் மேல் வைக்கும் 'போ' முடிச்சுக்குக் கவுன் துணியில் ஏழுக்கு ஐந்து இன்ச் துண்டு. நீளவாட்டில் மடித்துத் தைத்துத் திருப்பி, இரண்டு முனையையும் நடுவில் கொண்டுவந்து, நடுவை நூலால் கட்டி, மேலே ஒரு சின்னப் பட்டையைச் சுற்றி மறைத்துவிடுங்கள். இதைக் காதுக்கு மேலே பக்கவாட்டில் வையுங்கள். உச்சிக்குழி மூட ஒன்றரை வயது வரைகூட ஆகும், அதன் மேல் எதையும் அழுத்தக் கூடாது. முத்து, மணி, கல் எதுவும் ஒட்டாதீர்கள். கைக்கு எட்டியதெல்லாம் வாய்க்குப் போகிற வயது. தூங்கப் போடும்போது தலைப்பட்டையைக் கழற்றிவிட வேண்டும், கண்ணுக்கோ மூக்குக்கோ கழுத்துக்கோ நழுவும்.

பிப்புக்குப் பின்னால் பனியன் துணி, முன்னால் கவுன் துணி. கழுத்தில் நாடா வைக்காமல் டிச் பட்டன் வையுங்கள். இழுத்தால் தானே விட்டுவிடும்.

காலுறைக்குக் குழந்தையின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்துகொள்ளுங்கள். ஆறு மாதத்தில் நாலு இன்ச் சுமாராக இருக்கும். சுற்றிலும் கால் இன்ச் இடம் விட்டு, தையலுக்கு இன்னொரு கால் இன்ச். தைத்து முடித்ததும் உள்ளே உங்கள் சுண்டு விரலை விட்டுச் சுற்றித் தேடுங்கள். ஒரே ஒரு தொங்கும் நூல் கால்விரலைச் சுற்றி இறுக்கிக்கொண்டால் ரத்தம் ஓடாமல் விரல் வீங்கிப்போகும், வெளியே எதுவும் தெரியாது. காரணம் புரியாமல் குழந்தை அழுதால் காலுறையைக் கழற்றி விரல்களைப் பாருங்கள் என்று என்னிடம் வாங்குபவர்கள் எல்லோரிடமும் சொல்லித்தான் கொடுக்கிறேன்.

துவைத்த பிறகு

தைத்து முடித்த உடுப்பை ஒரு முறை துவைத்துத்தான் போட வேண்டும். மார்க்கிங் சாக், கைவியர்வை, மெஷின் எண்ணெய் எல்லாம் அதில் இருக்கும். வாசனை திரவம் எதுவும் வேண்டாம், நன்றாக அலசினால் போதும். எங்கள் பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி ஓயாது. மெயின் ரோட்டைப் பார்த்த பால்கனியில் காயப்போட்டால் சாயங்காலம் வெள்ளைத் துணி சாம்பல் நிறம் ஆகிவிடும். அதனால் குழந்தைத் துணியை வீட்டின் பின்பக்கம், உள்பக்கம் வெளியே திருப்பி, காலை வெயிலில் காயவைத்துப் பத்து மணிக்குள் எடுத்துவிடுவேன்.

பக்கத்துத் தெருவில் ஒரு குழந்தைக்குத் தைத்த மஞ்சள் கவுன் நாலு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. பிள்ளை நடக்கப் பழகுகிறாள், கவுன் முட்டிக்கு மேலே ஏறிவிட்டது. "இதத் தவிர வேற போட வுட மாட்டேங்குது, எதுனா பண்ணுக்கா" என்றாள் அம்மா. நான் முதலில் அதைத் திருப்பிப் பார்த்தேன். லைனிங் ஓரத்தில் ஒரு நூலும் பிரியவில்லை. கீழே விட்டிருந்த ஒன்றரை இன்ச் மடிப்பின் ஹெம்மிங்கை ஊசி முனையால் பிரித்து, பழைய மடிப்புத் தடத்தை நனைத்து அழுத்தி இஸ்திரி போட்டு, கால் கால் இன்ச்சாக இரண்டு மடிப்பு மட்டும் மடித்துத் திரும்பவும் தைத்தேன். ஒரு இன்ச் இறங்கியது. தடம் லேசாகத் தெரிந்த இடத்தில் மிச்ச வெள்ளை மல்மலில் ஒரு மெல்லிய பட்டை வைத்தேன், அதற்கு ஜோடியாகத் தலைப்பட்டையிலும் ஒன்று.